அசல் அங்கேயே இருக்கட்டும்

என் மகன் ஜெகன் கப்பலுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். அதனால் வந்த கூத்து எல்லாவற்றுக்கும் நானும் என் பெண்டாட்டியும் சரிபாதிப் பொறுப்பு. அவளைக் கேட்டால் முக்கால் பங்கு என்னுடையது என்பாள். அவள் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

2002 ஏப்ரல் மாதம். நாங்கள் டெல்லி கோல் மார்க்கெட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். ஜெகன் சரக்குக் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். ஏறினால் பத்து மாதம், ஒரு வருஷம் கடல்தான். நடுக்கடலிலிருந்து போன் பண்ண வழியில்லை. எங்காவது துறைமுகத்தில் இறங்கினால்தான் பேச முடியும். ஆனால் கேப்டன் அறையில் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து நாளைக்கு ஒரு தடவை எல்லாருடைய ஈமெயிலையும் மொத்தமாக அனுப்புவார்களாம். அதற்காகத்தான் நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினோம்.

"அப்பா, இதப் பாருங்க. கடிகாரத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு கவர் தெரியுதா? இதுதான் சாஃப்ட்வேர். காலைல ஏழு மணி, சாயங்காலம் நாலு, ராத்திரி ஏழுன்னு மூணு வேளை தானே போன் போட்டு, புது மெயில் இருக்கான்னு பாக்கும். இருந்தா சத்தம் போடும். ஒரு மெயிலுக்கு ஒரு தடவை. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

சத்தம் போட்டுக் காட்டினான். 'டிங்' என்றது.

"இந்த டிங்கு சமையல்கட்டுல எனக்கு எப்படிடா கேக்கும்?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள் ருக்மிணி. "குக்கர் வச்சா நீ கத்தறதே எனக்குக் கேக்காது."

ஜெகன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் மைக்கை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று கத்துவானே, அதே குரலில் கூப்பிட்டான். "அம்மா... அம்மாஆ, மெயில் வந்திருக்கு." முதல் அம்மா குட்டை. இரண்டாவது நீளம். அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் "ஆலூ லே லோ, பியாஸ் லே லோ" என்று உருளைக்கிழங்கும் வெங்காயமும் கூவிக்கொண்டு போனான். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. திரும்பப் பண்ணலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். முதல் மாதம் மெயில் வரும்போதெல்லாம் கூடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினவளும் அவள்தான்.

ஏன்டா 'அப்பா, மெயில் வந்திருக்கு' என்று சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. ஐம்பத்தேழு வயது ஆள் அதைக் கேட்டால் அசிங்கம். ஆனால் மனசில் பட்டது, பொய் சொல்வானேன்.

கடைசியாக ஒரு கட்டத்தைக் காட்டிக் கேட்டான்: "மெயில் இங்க இறங்கினதும் அங்க சர்வர்ல இருக்கறத அழிச்சிடட்டுமா?"

"அழிக்கறதா? யாரைக் கேட்டு அழிப்ப?"

நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று இங்கே சொல்ல வேண்டும். மத்திய சர்க்கார் மந்திரி அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவு. வருகிற தபாலுக்கு நம்பர் போட்டு, டயரியில் ஏற்றி, உரிய செக்‌ஷனுக்கு அனுப்புவது, போகிற தபாலை அனுப்புவது. முப்பத்தொரு வருஷம். இந்த முப்பத்தொரு வருஷத்தில் பூவராகவன் கையில் வந்த ஒரு துண்டுக் காகிதம் காணாமல் போனது என்று எவனும் சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நம்பர் போட்டவன் நான். மேலதிகாரி உத்தரவில்லாமல் ஒரு தாளைக் கிழிப்பதும் ஒருவன் சட்டையைக் கிழிப்பதும் எங்கள் செக்‌ஷனில் ஒன்றுதான்.

"அசல் அங்கேயே இருக்கட்டும். நகல் இங்க வரட்டும்" என்றேன்.

"அப்பா, அங்க இடம் கம்மி. அஞ்சு எம்.பி.தான்."

"எனக்கு யாருடா எழுதப்போறா? நீ ஒருத்தன். நீ எழுதற ரெண்டு வரிக்கு அஞ்சு எம்.பி. பத்தாதா?"

"அச்சா, ஆப்கீ மர்ஸி", உங்க இஷ்டம் என்று இந்தியில் முனகிக்கொண்டு, அசலை அழிக்காதே என்கிற கட்டத்தில் டிக் போட்டான். வியாழக்கிழமை ரயில் ஏறிவிட்டான்.

வாரத்துக்கு ஒரு மெயில் வந்தது. சில சமயம் பத்து நாளுக்கு ஒன்று. போன் லைன் கரகரவென்று இரையும். அப்புறம் முன்னறையிலிருந்து பையன் கூப்பிடுவான், "அம்மா... அம்மாஆ, மெயில் வந்திருக்கு." சமையல்கட்டிலிருந்து ருக்மிணி குரல் கொடுப்பாள், "ஏங்க, மெயில் வந்திருக்கு, போய்ப் பாருங்க." அவள் கம்ப்யூட்டரைத் தொடமாட்டாள். நான் போய்த் திறந்து வாய்விட்டுப் படிப்பேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். ஜெகனுக்குத் தமிழ் எழுத வராது. டெல்லியில் பிறந்து டெல்லியில் படித்த பிள்ளை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவான். 'அப்பா, நான் நல்லா இருக்கேன். கடல் ரஃப். இன்னிக்கு சாம்பார்னு ஒண்ணு ஊத்தினாங்க, அது சாம்பார் இல்ல. அம்மாகிட்ட சொல்லுங்க.' கடிதம் 'அப்பா' என்றுதான் ஆரம்பிக்கும். எனக்கு அது போதும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, தேதி போட்டு, ஒரு பழைய பாங்கு டயரியில் ஏற்றினேன். ருக்மிணி சிரித்தாள். சிரிக்கட்டும்.

நவம்பரில் பிரகதி மைதானில் வர்த்தகக் கண்காட்சி வந்தது. வருஷா வருஷம் போவோம். அந்த வருஷம் ஒரு ஞாயிறு போய் வந்த பிறகு, அடுத்த ஞாயிறும் போக வேண்டும் என்றாள். எனக்குக் கால் வலி. நான் ஹரியானா மண்டபத்துக்கு வெளியே புல்தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக நுழைந்து வந்தாள். இலவச காலண்டர் பொறுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பின்னால் ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. முதலில் லூதியானாவிலிருந்து ஒரு டிராக்டர் கம்பெனி எனக்கு மெயில் அனுப்பியது. மறுநாள் யமுனாநகர் பிளைவுட். அப்புறம் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் பம்ப் செட், தையல் மெஷின், கோழித் தீவனம். முதல் மாடி சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறவனுக்குக் கோழித் தீவனம் எதற்கு? என் விலாசம் அவனுக்கு யார் கொடுத்தது? தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஆனால் கடமை கடமைதான். வந்த தபாலுக்குப் பதினைந்து நாளுக்குள் ஒப்புகை போக வேண்டும் என்பது எங்கள் விதி. எல்லாருக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டேன். பதில் போகப் போக அவர்களுக்குக் குஷி வந்துவிட்டது. ஒன்று அனுப்பினவன் நான்கு அனுப்பினான். படம் போட்டு அனுப்பினான். டிசம்பர் முடிவதற்குள் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது என்று வந்து விழுந்தன.

மெயிலுக்கு ஒரு கூப்பாடு. சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து, ஏழு மணிக்கு டீ கிளாஸைக் கையில் எடுப்பேன். "அம்மா... அம்மாஆ, மெயில் வந்திருக்கு. அம்மா... அம்மாஆ, மெயில் வந்திருக்கு." கூடவே ஆலூ, பியாஸ். ருக்மிணியும் சளைக்காமல், "ஏங்க, மெயில் வந்திருக்கு, போய்ப் பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் தீவனம். கெட்ட வார்த்தை வாய்வரைக்கும் வரும். அவள் மட்டும் எரிச்சல்படவே இல்லை. யார் எழுதியிருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. முன்னெல்லாம் ஓடி வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள், இப்போது அடுப்படியிலேயே நின்றுகொண்டு கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு எங்கே புரிகிறது.

ஜனவரி கடைசியில் ஜெகனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அதை நான் மூன்று தடவை படித்துக்காட்டினேன். கப்பல் பிப்ரவரி இரண்டாவது வாரம் மும்பைக்குப் பக்கத்தில் நவா ஷேவா துறைமுகத்துக்கு வரும்போல இருக்கிறது. ஒரே ஒரு நாள். திரும்ப ஆப்பிரிக்கா பக்கம். இன்னும் ஐந்து மாதம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். 'தேதி தெரிஞ்சதும் எழுதறேன். ரெண்டு பேரும் வாங்க. உள்ள விடமாட்டாங்க, கேட் வெளிய நில்லுங்க. மூணு மணி நேரம் லீவு கேட்டு வெளிய வரேன்.'

அவனைப் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. இதை விட்டால் இன்னும் ஐந்து. ருக்மிணி மறுநாளே பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். முறுக்கு சுற்றினாள். பொருள்விளங்கா உருண்டை பிடித்து, பல் உடைகிற பதத்தில் டின்னில் அடைத்தாள். கப்பல் கம்பெனி சிங்கப்பூரில் இருந்தது. அங்கே யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது. தேதி அந்த மெயிலில்தான் வர வேண்டும். ரயில் டிக்கெட்கூட அது வந்த பிறகுதான்.

பிப்ரவரி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், குரல் நின்றுவிட்டது.

போன் லைன் வழக்கம்போல இரைந்தது. இணைப்புக் கிடைத்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. பிளைவுட்காரனும் தீவனக்காரனும்கூட வாயை மூடிக்கொண்டார்கள். விட்டது தொல்லை என்று நான் நிம்மதியாக டீ குடித்தேன், மடையன்.

"பையன் குரல் கேட்டு ரெண்டு நாளாச்சு" என்றாள் ருக்மிணி.

"பையன் குரலா? அது டிராக்டர் கம்பெனிக்காரன்."

அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனாள். செவ்வாய்க்கிழமை காலையில் என் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, "ஏதாவது பண்ணுங்க. ரெண்டாவது வாரம்னு சொன்னான். ரெண்டாவது வாரம் நடக்குது" என்றாள். அதற்கப்புறம் எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் தமிழ்செல்வி என்று ஒரு அம்மாள். நாற்பது வயதிருக்கும். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். பெயரில் இருக்கிற தமிழ் பேச்சில் பாதிதான் இருக்கும், ஆனால் தங்கமான மனுஷி. அவளிடம் போய்ச் சொன்னேன்.

"பூவராகவன் ஜி, உங்க மெயில்பாக்ஸ் ஃபுல் ஆயிருக்கும். ஃபுல் ஆகறதுக்கு முன்னாடி ஒரு வார்னிங் மெயில் வந்திருக்குமே?"

வந்திருந்தது. நம்பர் 611. உங்கள் பெட்டி நிரம்பப் போகிறது, உடனே காலி செய்யவும் என்று. நான் அதற்கு நம்பர் போட்டு, டயரியில் ஏற்றி, தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று பதிலும் அனுப்பியிருந்தேன். அதைத் தமிழ்செல்வியிடம் சொல்லவில்லை.

"ஃபுல்லானா, வர்ற மெயில் என்னம்மா ஆகும்?"

"உள்ள வராது. அனுப்பின எடத்துலயே நின்னுட்டு இருக்கும். அங்கேருந்து பார் பார், திரும்பத் திரும்ப, ட்ரை பண்ணும், நாலு நாள், அஞ்சு நாள். அதுக்கப்புறம் வாபஸ் போயிடும். எப்போலேருந்து வரல?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து."

அவள் விரல் விட்டு எண்ணினாள். நானும் எண்ணினேன். தபால்காரன் பூட்டின வீட்டுக்கு எத்தனை நாள்தான் வந்து வந்து பார்ப்பான் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உக்காந்துட்டு இருக்கீங்களே. ஜல்தி வீட்டுக்குப் போங்க. பழசு எல்லாம் டெலீட் பண்ணுங்க" என்று ஒரு சீட்டில் எப்படிச் செய்வதென்று வரிசையாக எழுதிக் கொடுத்தாள். எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டினதும் ருக்மிணி பயந்துவிட்டாள். "என்ன, உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டாள். நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சீட்டில் எழுதியிருந்தபடி அந்தப் பெட்டியைத் திறந்தேன். அறுநூற்று முப்பத்திரண்டு அசல். வரிசையாக, பக்கத்துக்கு இருபதாக, ஒரு தாள்கூடக் கசங்காமல் இருந்தன. அழிக்க வேண்டும். விரல் போகவில்லை. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே போகவில்லை. ஒன்றையாவது படித்துப் பார்த்துவிட்டு அழிப்போம் என்று லூதியானா டிராக்டரைத் திறந்தேன்.

தபால் பிரிவுக்காரன் கடிதத்தைப் படிக்கமாட்டான். யாரிடமிருந்து, எந்தத் தேதி, அவ்வளவுதான். மூன்று மாதமாக நான் அதைத்தான் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று படித்தேன். 'அன்புள்ள திருமதி ருக்மிணி, எங்கள் ஸ்டாலுக்கு வருகை தந்ததற்கு நன்றி. நீங்கள் கேட்டுக்கொண்டபடி எங்கள் செய்திகளைத் தவறாமல் அனுப்பிவைப்போம்.' பிளைவுட்டைத் திறந்தேன். திருமதி ருக்மிணி. கோழித் தீவனம். திருமதி ருக்மிணி.

"ருக்கு."

வந்து கதவோரம் நின்றாள். திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன இது?"

"எழுதிக் கொடுத்தேன்."

"எதை எழுதிக் கொடுத்த?"

"நம்ம மெயில் அட்ரஸ. ஸ்டால்ல எல்லாம் சீட்டு வச்சிருந்தான். பேரு, ஊரு, மெயில் அட்ரஸ் எழுதிப் போட்டா தினமும் அனுப்பறேன்னான்."

"எதுக்கு? நாம டிராக்டர் வாங்கப்போறோமா? கோல் மார்க்கெட்டுல கோழிப் பண்ணை வைக்கப்போறியா?" என் குரல் எதிர்வீட்டு சர்தார்ஜி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது. "மூணு மாசமா ராத்திரி பகலா உக்காந்து நம்பர் போட்டிருக்கேன்டி நான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், எனக்குச் சொல்வதுபோலக்கூட இல்லை.

"அவன் வாரத்துக்கு ஒரு தடவைதான் எழுதறான். வாரத்துக்கு ஒரு தடவைதான் அம்மான்னு கூப்பிடறான். மத்த ஆறு நாள் நான் என்ன பண்றது?"

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"நீங்க ஆபீஸ் போயிடறீங்க. நாலு மணிக்கு வீட்டுல நான் மட்டும்தான். யார் எழுதினா எனக்கென்ன, கூப்பிடறது அவன்தானே."

எனக்கு வந்த கோபம் பாதி வழியில் எங்கேயோ போய்விட்டது. பகல் நாலு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பையன் மூன்று நான்கு தடவை கூப்பிடுவான். நான் ஆபீஸில் இருப்பேன். அப்போதும் இவள் அடுப்படியிலிருந்து யாரைப் பார்த்து, "ஏங்க, போய்ப் பாருங்க" என்று சொல்லியிருப்பாள்? ருக்மிணி மேல் எனக்கு எப்போதும் பிரியம் உண்டு, சொன்னதுதான் இல்லை.

அதற்குள் அவளுக்கு வேறு ஒன்று உறைத்துவிட்டது. "ஏங்க, இதுங்க வந்து அடைச்சுக்கிட்டதாலதான் அவன் மெயில் உள்ள வரலையா? என்னாலதான் தேதி தெரியாம போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவன் சொல்வான்.

"உன்னால இல்ல. அசல் அங்கேயே இருக்கட்டும்னு சொன்னவன் நான். அவன் அப்பவே சொன்னான், இடம் பத்தாதுன்னு. ஒவ்வொருத்தனுக்கும் பதில் போட்டு வளத்துவிட்டதும் நான்தான். வா, இப்படி உக்காரு."

அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மவுஸை அவள் கையில் கொடுத்தேன். "நான் பக்கம் பக்கமா காட்டறேன், நீ அழி" என்றேன். நான் அழித்தால் எனக்குப் பழியாகிவிடும்போல இருந்தது. முதல் இருபதை அழிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் கை பழகிவிட்டது. டிராக்டர் போயிற்று. பம்ப் செட் போயிற்று. நான் டயரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டு, 'அழிக்கப்பட்டது' என்று எழுதிச் சின்னக் கையெழுத்து வைத்தேன். அதைப் பார்த்து அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. ஜெகனுடைய முப்பத்தெட்டை மட்டும் விட்டுவைத்தோம். ஆறரை மணிக்கு முடிந்தது. ஜெகன் டிக் போட்ட அந்தக் கட்டத்தைத் தேடிப்பிடித்து டிக்கை எடுத்தேன். மூன்று வேளையெல்லாம் போதாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார் என்று சாஃப்ட்வேருக்கு உத்தரவு போட்டேன்.

ஏழே காலுக்குக் கூப்பிட்டான். "அம்மா... அம்மாஆ, மெயில் வந்திருக்கு." இரண்டு பேரும் திரைமேல் போய் விழுந்தோம். யமுனாநகர் பிளைவுட்.

"இவன் பிளைவுட்டுல கரையான் அரிக்க" என்றாள் ருக்மிணி. தானே அழித்தாள்.

அன்றைக்கு அவ்வளவுதான். புதன்கிழமை காலை ஏழு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும், நான் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, மெயில் வந்திருக்கு, போய்ப் பாருங்க" என்று சமையல்கட்டிலிருந்து வந்தது. பழக்கம். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு போய்த் திறந்தேன்.

'அப்பா, தேதி முடிவாயிடுச்சு. 13, வியாழக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெளிய வருவேன். சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். அம்மாவ அழவேண்டாம்னு சொல்லுங்க.' எழுதின தேதி வெள்ளிக்கிழமை. ஐந்து நாள் வாசலில் நின்றுவிட்டு, வாபஸ் போகிற நேரத்துக்கு உள்ளே நுழைந்திருக்கிறது. அன்றைக்கு 12.

கோல் மார்க்கெட்டிலிருந்து நியூ டெல்லி ஸ்டேஷன் கூப்பிடு தூரம். அந்த ஒரு விஷயத்தில் சர்க்கார் எனக்கு நல்லது செய்தது. மத்தியான ரயிலில் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறினோம். கழிப்பறைக்குப் பக்கத்தில் பெட்டியைப் போட்டு அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் பேப்பர் விரித்து நான். கோட்டா ஸ்டேஷன் தாண்டி டி.டி.இ. வந்தார். பையனைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் தன் உடைந்த இந்தியில் கதை முழுக்கச் சொன்னாள். மனுஷன் மனசு இளகி ஒரே ஒரு பெர்த் கொடுத்தார். நீ படு என்றேன். தூக்கம் வராது, நீங்க படுங்க என்றாள். நான் படுத்துவிட்டேன். விடிகிறவரைக்கும் அவள் பெட்டிமேல் உட்கார்ந்தே வந்தாள்.

மும்பையில் இறங்கி, பஸ்ஸும் ஆட்டோவுமாக மாறி மாறி, பதினோரு மணிக்கு அந்தத் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல் கண்ணில் படவில்லை. கண்டெய்னர் லாரிகளும் புழுதியும்தான். வாசல் காவலாளி, "அந்தர் நஹீ ஜா சக்தே, மாதாஜி" என்று உள்ளே விட மறுத்தான். காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தோம். ருக்மிணி உருண்டை டின்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி ஆயிற்று. வெளியே வருகிற ஒவ்வொரு பையனையும் அவள் எழுந்து நின்று பார்த்தாள். இரண்டரை. மூன்று. மூன்றே காலுக்கு, "கப்பல் கிளம்பியிருக்குமோ?" என்றாள். "அதெப்படிக் கிளம்பும், அவன் சொல்லாம" என்றேன். ராத்திரி முழுக்கத் தூங்காதவள். சுவரில் தலையைச் சாய்த்தாள். கண் மூடிக்கொண்டது. கை மட்டும் டின்னை விடவில்லை.

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாசல் வழியாக வரவில்லை. வேறு ஏதோ கேட்டில் இறங்கி, சுவரோரமாக எங்களைத் தேடிக்கொண்டு பின்பக்கமாக வந்தான். கறுத்து, பாதியாக இளைத்து, தாடியும் மீசையுமாக. நான் பெற்ற பிள்ளைதான் என்று கண்டுபிடிக்க எனக்கே ஒரு நிமிஷம் ஆனது. எழுந்திருக்கப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து, பேசாதீங்க என்று உதட்டில் விரலை வைத்தான். அவளுக்குப் பின்னால் வந்து குனிந்தான்.

"அம்மா... அம்மாஆ."

முதலாவது குட்டை. இரண்டாவது நீளம்.

ருக்மிணி கண்ணைத் திறக்கவில்லை. டின்னைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் எப்போதும்போலச் சொன்னாள்.

"ஏங்க, மெயில் வந்திருக்கு, போய்ப் பாருங்க."

ஜெகன் அப்படியே நின்றுவிட்டான்.

"இந்தத் தடவை நீயே பாரு, ருக்கு" என்றேன்.